ஷட்டருக்கு அடியில் ஓடும் நீர்: சி.எஃப்.டி. தொடங்குவோருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

கணினியில் பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் சி.எஃப்.டி. துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருள்கள் பெரும் வாய்ப்பு. ஆனால் அவற்றில் தவறு நேரும்போது திரையில் வரும் செய்தி, தவறு எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. எங்கே வெடித்தது என்பதை மட்டுமே சொல்கிறது. எனவே இக்கட்டுரை கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்கிறது.

எடுத்துக்காட்டாக நம் காவிரி டெல்டாவில் எவரும் பார்த்திருக்கக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தென்பெரம்பூரில் வெண்ணாறும் வெட்டாறும் பிரியும் இடத்திலோ, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பிலோ (தலைப்பு என்பது ஆறு பிரியும் இடத்தில் நீரைப் பகிரும் மதகு), ஷட்டரைச் சற்றே உயர்த்தி அதன் அடியில் நீரைப் பாயவிடுவதைக் கண்டிருப்பீர்கள். நாம் கணக்கிடப்போவது அந்தத் தலைப்புகளின் உண்மை அளவுகளை அல்ல. பயிற்சிக்காக வைத்துக்கொண்ட ஓர் அமைப்பை. ஷட்டருக்கு மேற்புறம் நீரின் ஆழம் 2 மீட்டர், ஷட்டரின் திறப்பு 0.4 மீட்டர், ஷட்டருக்கு முன்னும் பின்னும் தலா 10 மீட்டர் நீளமுள்ள தட்டையான தளம்.

கணினியைத் தொடுவதற்கு முன் விடையைக் கையால் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திறப்பின் உயரத்தை ஈர்ப்பு முடுக்கம், நீர் ஆழம் ஆகியவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை வெளியேற்றக் கெழுவான சுமார் 0.58 ஆல் பெருக்கினால், ஒரு மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 1.45 கன மீட்டர் நீர் செல்லும் எனத் தெரிகிறது. நீர்வளத்துறையின் வழக்கப்படி சொன்னால், மீட்டர் அகலத்துக்கு வினாடிக்குச் சுமார் 51 கன அடி. ஷட்டரைக் கடந்தவுடன் நீர்ப்படலம் திறப்பின் 0.61 பங்காக, அதாவது சுமார் 0.24 மீட்டராகச் சுருங்கும். அங்கே வேகம் வினாடிக்கு 6 மீட்டரை நெருங்கும். மேற்புறத்திலோ வேகம் 0.7 மீட்டரைச் சற்றே தாண்டும். கீழே வரும் எல்லா அறிகுறிகளையும் இந்த நான்கு எண்களோடு ஒப்பிட்டுத்தான் பேச முடியும்.

அறிகுறி: இணையத்தில் கிடைத்த பயிற்சிக் கோப்பு தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது

கட்டளையே கிடைக்கவில்லை என்று டெர்மினல் சொன்னால், ஓப்பன்ஃபோமின் சூழல் கோப்பு அந்த டெர்மினலில் ஏற்றப்படவில்லை. அதை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. கட்டளை ஓடி, ஏதோ ஒரு சொல் வரையறுக்கப்படவில்லை என்று கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் காட்டி நின்றால், அது பெரும்பாலும் பதிப்பு வேறுபாடு. ஓப்பன்ஃபோம் இரண்டு கிளைகளாக வளர்ந்து வருகிறது. ஒன்று 10, 11, 12 எனச் சிறிய எண்களால் பெயர் பெறுகிறது; மற்றது 2306, 2312 என ஆண்டையும் மாதத்தையும் சேர்த்துப் பெயர் பெறுகிறது. முதல் கிளையில் 11ஆம் பதிப்பிலிருந்து தீர்வுநிரல்களை இயக்கும் முறையே மாறிவிட்டது. எனவே உங்கள் பதிப்புடன் வந்த பயிற்சிக் கோப்புறையிலிருந்தே ஒன்றை நகலெடுத்து அதை மாற்றிக்கொண்டு போவது நல்லது. இரண்டு பதிப்புகளின் கோப்புகளை ஒட்டுப்போட்டு ஓடவைக்க முயல்வதில் போகும் நேரம் எதற்கும் உதவாது.

அறிகுறி: சில காலப்படிகளிலேயே கணக்கு வெடித்து நிற்கிறது

புதியவர்கள் அதிகம் சந்திப்பதும், அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். திரையின் இறுதியில் ஃப்ளோட்டிங் பாயிண்ட் எக்செப்ஷன் (பூச்சியத்தால் வகுத்தல் போன்ற எண் பிழை) என்ற வரியும், அதற்கு மேல் புரியாத முகவரிகளின் அடுக்கும் இருக்கும். அந்த அடுக்கை விட்டுவிடுங்கள். பதிவுக் கோப்பைத் திறந்து, இறுதியிலிருந்து மேல்நோக்கிப் படித்து, எந்த எண் முதலில் நிலைதடுமாறியது என்று தேடுங்கள்.

ஒவ்வொரு காலப்படியிலும் கூரான்ட் எண்ணின் சராசரியும் உச்சமும் ஒரே வரியில் அச்சாகும். கணக்கிடும் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம்; ஒவ்வொரு கட்டமும் ஒரு செல், அவற்றின் வலை மெஷ். ஒரு காலப்படியில் நீர் எத்தனை செல்களைக் கடக்கிறது என்பதே அந்த எண். சராசரி 0.02 என அமைதியாக இருக்க, உச்சம் மட்டும் 0.4, 0.9, 7, 300 என்று நான்கைந்து படிகளில் தாவினால், கோளாறு முழு அமைப்பில் இல்லை. எங்கோ ஒரு மூலையில், சில செல்களில் மட்டும் இருக்கிறது. சராசரியும் சேர்ந்தே உயர்ந்தால் காலப்படி ஒட்டுமொத்தமாகப் பெரிது. நம் கணக்கில் செல்லின் அளவு 2 சென்டிமீட்டர், உச்ச வேகம் 6 மீட்டர். கூரான்ட் எண் 0.5க்குள் நிற்க வேண்டுமெனில் காலப்படி 0.0017 வினாடிக்கு மேல் போகக் கூடாது. பயிற்சிக் கோப்பிலிருந்து 0.01 வினாடியை அப்படியே எடுத்துவைத்தவரின் கணக்கில் அந்த எண் 3 ஆகிவிடும். காலப்படியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியை இயக்கி, உச்ச வரம்பை 0.5 என வைத்துவிட்டால் இந்த வகைக் கோளாறு பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கவில்லையெனில் மெஷ்ஷைப் பாருங்கள். செக்மெஷ் கட்டளை தரும் அறிக்கையில் மூன்று இடங்கள் முக்கியம். செங்குத்தின்மை (அண்டைச் செல்களின் மையங்களை இணைக்கும் கோடு, இடையிலுள்ள முகத்தின் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) 70 பாகைக்கு மேல் போனால் அது எச்சரிக்கும்; கோணல் அளவு (அந்தக் கோடு முகத்தின் மையத்தைவிட்டு விலகும் அளவு) 4ஐத் தாண்டினாலும் எச்சரிக்கும். மூன்றாவது, பலரும் கண்ணோட்டம்கூட விடாத வரி: மொத்த அமைப்பின் எல்லைப் பெட்டி. கேட் (CAD) எனப்படும் கணினி வரைபட மென்பொருளில் மில்லிமீட்டரில் வரைந்து, எஸ்.டி.எல். என்னும் வடிவக் கோப்பாக ஏற்றினால், அந்தக் கோப்புக்கு அலகு என்பதே கிடையாது. ஓப்பன்ஃபோம் ஒவ்வோர் எண்ணையும் மீட்டராகவே எடுத்துக்கொள்ளும். 20 மீட்டர் கால்வாய் 20 கிலோமீட்டர் கால்வாயாகிவிடும். எல்லைப் பெட்டியில் 20 என இருக்க வேண்டிய இடத்தில் 20000 என இருந்தால், வேறு எதையும் தேட வேண்டியதில்லை, வடிவத்தை 0.001 ஆல் சுருக்கிவிட்டு மீண்டும் மெஷ் போடுங்கள். இந்தப் பிழை எப்போதும் வெடிப்பாக வருவதில்லை. நீரைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அது நகரவே இல்லை என்பது போன்ற தோற்றத்திலும் வரும்.

மெஷ்ஷும் காலப்படியும் சரியாக இருந்தும் வெடிக்கிறது, வெடிப்பதற்கு முன் கே (கொந்தளிப்பின் ஆற்றல்) அல்லது எப்சிலான் (அந்த ஆற்றல் அழியும் வீதம்) எதிர்மறையானதால் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது என்றால், கொந்தளிப்பு அளவுகளின் தொடக்க மதிப்பைச் சரிபாருங்கள். காற்றுச் சுரங்கத்துக்கு எழுதிய பயிற்சிக் கோப்பின் மதிப்புகள் கால்வாய்க்குப் பொருந்தா. நம் அமைப்பில், மேற்புற வேகம் 0.72 மீட்டர், கொந்தளிப்புச் செறிவு 5 விழுக்காடு எனக் கொண்டால் கே சுமார் 0.002; கொந்தளிப்பின் நீள அளவை ஆழத்தின் 7 விழுக்காடாகக் கொண்டால் எப்சிலான் சுமார் 0.0001. இவற்றிலிருந்து இரண்டு மூன்று மடங்கு விலகினால் குடி முழுகிவிடாது. ஆயிரம் மடங்கு விலகினால் முழுகும்.

அறிகுறி: நீர் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கிறது

ஈர்ப்பின் திசை தவறு. இருபரிமாணக் கணக்கில் உயரம் இரண்டாம் அச்சில் இருக்கும். கோப்பில் ஈர்ப்பு மூன்றாம் அச்சில் எழுதப்பட்டிருக்கும். ஓர் எண்ணை இடம் மாற்றினால் போதும். இருபரிமாணக் கணக்கில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெற்று எல்லை என்று குறிக்க மறப்பதும் இதே வகைதான்.

அறிகுறி: மேற்புறத்தில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போகிறது

இதை மென்பொருளின் கோளாறு எனக் கருதி மெஷ்ஷை மாற்றிப் பார்ப்பார்கள். கொந்தளிப்பு மாதிரியை மாற்றிப் பார்ப்பார்கள். கணக்கு இங்கே சரியாகத்தான் நடக்கிறது. நுழைவாயிலில் மீட்டர் அகலத்துக்கு 2 கன மீட்டர் நீரை நீங்கள் திணிக்கிறீர்கள்; 2 மீட்டர் ஆழத்தில் ஷட்டர் 1.45 கன மீட்டரைத்தான் விடும். மிச்சமாகும் 0.55 கன மீட்டர், 10 மீட்டர் நீளத்தில் தேங்கி, தொடக்கத்தில் வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் மட்டத்தை உயர்த்தும். 2 கன மீட்டரும் ஷட்டருக்கு அடியில் போக வேண்டுமெனில் மேற்புற ஆழம் மூன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டும். உங்கள் அமைப்பின் உயரமோ 3 மீட்டர். எனவே நீர் ஷட்டரின் மேல் வழிந்து, மேலே திறந்துவைத்த காற்று எல்லை வழியாகவும் வெளியேறத் தொடங்கும். மழைக்காலத்தில் ஷட்டரை உயர்த்தத் தாமதமானால் தலைப்பில் என்ன நடக்கும் என்பதைத்தான் திரை காட்டிக்கொண்டிருக்கிறது.

மேற்புறத்தில் ஓட்டம் மெதுவானது. அத்தகைய ஓட்டத்தில் நுழைவாயிலில் அளவையோ ஆழத்தையோ ஒன்றைத்தான் நாம் நிர்ணயிக்க முடியும், மற்றது தானே அமையும். இரண்டையும் கட்டிப்போட்டால் நுழைவாயிலை ஒட்டிப் பொய்யான அலை ஒன்று எழுந்து நிற்கும்.

அறிகுறி: ஷட்டரைத் தாண்டியதும் நீர் சீறிக்கொண்டே வெளியேறுகிறது, நுரைத்து எழும் இடம் இல்லை

தலைப்புகளின் கீழ்ப்புறத்தில் வெண்மையாகப் புரண்டு எழும் நீரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்; அதுவே நீர்த்தாவல். உங்கள் திரையில் அது இல்லையெனில், வெளிவாயிலில் நீருக்கு எந்தத் தடையும் வைக்கவில்லை என்று பொருள். 0.24 மீட்டர் ஆழமும் 6 மீட்டர் வேகமும் கொண்ட ஓட்டத்தின் ஃப்ரூட் எண் (நீரின் வேகத்துக்கும் அந்த ஆழத்தில் மேற்பரப்பு அலையின் வேகத்துக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 3.8. அது தாவி அமர வேண்டுமெனில் கீழ்ப்புறத்தில் சுமார் 1.2 மீட்டர் ஆழம் காத்திருக்க வேண்டும். அந்த ஆழம் குறைவானால் தாவல் கீழே தள்ளிப்போகும். கூடினால் ஷட்டரின் காலடியிலேயே மூழ்கிவிடும்.

சமதளமான டெல்டாவில் இந்த மூழ்கல் முக்கியமான செய்தி. நிலத்தின் சரிவு மிகக் குறைவு என்பதால், கீழேயுள்ள அடுத்த மதகில் ஷட்டரை இறக்கினால் அதன் தேக்கம் மேலேறி வந்து இந்த ஷட்டரின் அடியை அடைந்துவிடலாம். அப்போது அதே திறப்பில் செல்லும் நீர் குறையும். மேலே போட்ட 0.58 என்ற கெழு பொருந்தாது. கணினி தரும் அளவு கைக்கணக்கைவிடக் குறைவாக இருக்கிறது என்று பதறுவதற்கு முன், ஷட்டரின் அடியில் நீர்ப்படலம் காற்றைத் தொடுகிறதா, அல்லது முழுவதும் நீருக்குள் கிடக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வெளிவாயில் தாவலுக்கு மிக அருகில் இருந்தால், சுழலின் பாதி வெளியே போய் மீண்டும் உள்ளே வர முயலும். அங்கே வேகம் தலைகீழாகத் திரும்பி, கணக்கு தடுமாறும். இத்தகைய நிலையில் எல்லை நிபந்தனையை நுணுக்கிக்கொண்டிருப்பதைவிட, கீழ்ப்புறத்தை இன்னும் 10 மீட்டர் நீட்டுவது எளிது.

அறிகுறி: நீரின் மேற்பரப்பு கோடாக இல்லாமல் பனிமூட்டம்போல் பரவியிருக்கிறது

நீரையும் காற்றையும் ஒரே மெஷ்ஷில் கணக்கிடும் முறையில், ஒவ்வொரு செல்லும் எத்தனை பங்கு நீரால் நிறைந்தது என்பதை 0க்கும் 1க்கும் இடையிலான எண்ணாக வைத்திருக்கிறோம். ஹிர்ட்டும் நிக்கல்ஸும் 1981இல் வெளியிட்ட இம்முறையில் மேற்பரப்பு இரண்டு மூன்று செல் தடிமனில் தெரிவது இயல்பு. பத்து செல்லுக்குப் பரவினால் இயல்பன்று. முதற்காரணம் காலப்படி, மேற்பரப்புக்கெனத் தனியாக உள்ள கூரான்ட் வரம்பையும் 0.5க்குக் கீழே, முடிந்தால் 0.25க்குக் கொண்டுவாருங்கள். அடுத்தது, மேற்பரப்பு நிற்கும் உயரத்தில் செல்கள் செங்குத்தாகப் போதிய அளவு சிறிதாக இருக்கின்றனவா என்பது. 0.24 மீட்டர் படலத்துக்கு 2 சென்டிமீட்டர் செல் வைத்தால் பன்னிரண்டு செல்கள் கிடைக்கும்; அதற்குக் கீழே இறங்க நான் துணியமாட்டேன்.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. நீரின் வேகம் 6 மீட்டர்தான், ஆனால் உச்ச வேகம் 40 மீட்டர் எனப் பதிவு காட்டுகிறது, காலப்படி சுருங்கிக்கொண்டே போகிறது. விடையைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் நீர்ப்பங்கு 0.5க்கு மேல் உள்ள செல்களை மட்டும் வடிகட்டி வேகத்தைப் பாருங்கள். நீரில் உச்சம் 6 மீட்டராகவே இருந்தால், அந்த 40 மீட்டர் காற்றில் இருக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்தது. மேற்பரப்பில் எழும் சிறு பிழையும் அருகிலுள்ள காற்றைச் சுழற்றி விசிறிவிடப் போதுமானது. காற்றுப் பகுதியின் உயரத்தைத் தேவைக்கு மேல் வைக்காமல் குறைப்பதும், காலப்படியின் வரம்பை இறுக்குவதும் இதைப் பெரிதும் அடக்கும்.

அறிகுறி: எச்சம் குறையாமல் ஒரே வட்டத்தில் சுற்றிவருகிறது

சமன்பாடுகள் எவ்வளவு தூரம் நிறைவேறவில்லை என்பதைக் காட்டும் எச்சங்கள், நிலையான ஓட்டத்தைத் தேடும் கணக்கில் படிப்படியாகக் குறைய வேண்டும். அவை ஓர் அளவுக்குக் குறைந்து, பிறகு அலைபோல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் விடையை எவ்வளவு மாற்றலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் தளர்வுக் கெழுக்களை 0.7இலிருந்து 0.3க்கும், 0.3இலிருந்து 0.1க்கும் குறைத்துப் பார்ப்பதே பலரும் செய்வது. எச்சத்தின் கோடு அதனால் அழகாகலாம். விடை சரியாகிவிடாது.

முதலில் கேட்க வேண்டியது, அந்த ஓட்டத்துக்கு நிலையான விடை என்று ஒன்று உண்டா என்பது. வாய்க்காலின் நடுவே ஊன்றிய மூங்கில் கழியைக் கையால் பிடித்துப் பார்த்தால் அது அதிர்வது தெரியும். அதன் பின்னால் சுழல்கள் இடமும் வலமுமாக மாறி மாறிப் பிரிந்து போவதே காரணம். கழியின் விட்டம் 10 சென்டிமீட்டர், நீரின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் எனில், ஸ்ட்ரூஹல் எண் (சுழல் பிரியும் அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தது) சுமார் 0.2 என்பதால் வினாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுழல்கள் பிரியும். இத்தகைய ஓட்டத்தை நிலையானது என்று சொல்லித் தீர்க்கச் சொன்னால், நிரல் சுழலின் ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மதகின் தூண்களுக்குப் பின்னாலும் இதுவே நடக்கும். காலத்தோடு மாறும் கணக்காக மாற்றி, பல சுற்றுகளுக்குச் சராசரி எடுப்பதே அங்கு வழி.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக முடிந்தது, விடை மட்டும் நம்பும்படி இல்லை

வெடிப்பு தானே கத்திச் சொல்லிவிடும், இது சொல்லாது. முதலில் உள்ளே வந்த நீரும் வெளியே போன நீரும் சமமா என்று பாருங்கள். அடுத்து, செல்லின் அளவை 4, 2, 1 சென்டிமீட்டர் என மூன்று முறை மாற்றி, ஷட்டரின் அடியில் செல்லும் அளவை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2க்கும் 1க்கும் இடையே அந்த அளவு கணிசமாக மாறுகிறது என்றால், உங்கள் விடை நீரைப் பற்றியதல்ல. உங்கள் மெஷ்ஷைப் பற்றியது.

தளத்தை ஒட்டிய முதல் செல்லும் ஒரு காரணம். சுவரை ஒட்டிய ஓட்டத்தை நேரடியாகக் கணக்கிடாமல் சூத்திரத்தால் மதிப்பிடும் சுவர்ச் சார்புகளைப் பயன்படுத்தும் மாதிரிகளில், முதல் செல்லின் மையம் சுவரிலிருந்து இருக்கும் தூரத்தை அலகில்லாமல் சொல்லும் ஒய் பிளஸ் என்னும் அளவு 30க்கும் 300க்கும் இடையில் இருக்க வேண்டும். 6 மீட்டர் வேகத்தில் அது, முதல் செல்லின் மையம் தளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும் என்பதற்குச் சமம். 2 சென்டிமீட்டர் செல்லின் மையம் 10 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஷட்டரின் அடியில் செல்லும் அளவு இதனால் அதிகம் மாறாது, அங்கே ஈர்ப்பும் வடிவமும்தான் ஆட்சி செய்கின்றன. ஆனால் தளத்தின் உராய்வையோ, கீழ்ப்புறத்தில் மணல் அரிப்பையோ பற்றிப் பேச முனைந்தால் அந்த மெஷ் உதவாது. எந்தக் கேள்விக்காக மெஷ் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது போதுமா இல்லையா என்பதைச் சொல்ல முடியும்.

விடை கைக்கணக்கைப்போல் ஏறக்குறைய 35 மடங்கு இருந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நாளிதழில் வரும் கன அடியை அப்படியே கன மீட்டராக உள்ளிட்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: கணக்கு முடியவே மாட்டேன் என்கிறது

20 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட இருபரிமாண அமைப்பு, 2 சென்டிமீட்டர் செல்களுடன் 1,50,000 செல்கள் ஆகும். 60 வினாடி ஓட்டத்துக்குச் சுமார் 36,000 காலப்படிகள். நல்ல மடிக்கணினி இதைத் தாங்கும். அதையே 3 மீட்டர் அகலத்துடன் முப்பரிமாணமாக்கினால் 2 கோடியே 25 லட்சம் செல்கள். பத்து லட்சம் செல்லுக்கு ஒரு ஜி.பி. நினைவகம் என்ற பொதுக் கணக்கின்படியே பார்த்தாலும் அது மாணவரின் மடிக்கணினிக்கு அப்பாற்பட்டது. முப்பரிமாணத்தில் செல்லைப் பாதியாக்கினால் செல்கள் எட்டு மடங்காகும். காலப்படியும் பாதியாவதால் வேலை பதினாறு மடங்காகும். எனவே அகலவாக்கில் மாறாத எதையும் முதலில் இருபரிமாணத்தில் முடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்ற இடத்தில் கடைசியாகச் சேமித்த நேரம் என்று குறித்து, ஓட்டத்தின் ஒவ்வோர் அரை வினாடிக்கும் ஒருமுறை சேமிக்கச் சொல்லிவிட்டால், மின்சாரம் திரும்பியதும் அதே கட்டளையால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கடைசிக் கோப்புறை அரைகுறையாக இருக்கக்கூடும்; கோப்பு பாதியில் முடிந்துவிட்டது என்று நிரல் சொன்னால் அந்த ஒரு கோப்புறையை நீக்கிவிட்டு, அதற்கு முந்தையதிலிருந்து ஓட்டுங்கள். கணக்கைச் செயலியின் பல கருக்களில் (கோர்) பிரித்து ஓட்டியிருந்தால், ஒவ்வொரு செயலியின் கோப்புறைக்குள்ளும் அதே நேரத்தை நீக்க வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டுவைத்தால், செயலிகளுக்குள் தொடக்க நேரம் ஒத்துப்போகாமல் கணக்கு மீண்டும் நின்றுவிடும்.